லெத்திசியா: சாலை போகாத ஊர்

அமேசான் கரையில், கொலம்பியாவின் தென்கோடி நகரம். தலைநகர் பொகோட்டாவிலிருந்து விமானம்தான், சுமார் 2 மணி நேரம். 1867இல் பெரு நாட்டவர் நிறுவியது. இரு நாடுகளின் 1922 ஒப்பந்தப்படி 1930இல் கொலம்பியாவுக்கு வந்தது. 1932இல் பெருவியர் மறுபடி கைப்பற்ற, போர் மூண்டது. 1934இல்தான் முழுதாகக் கொலம்பியாவிடம் திரும்பியது.

பிரேசிலின் தபாட்டிங்காவுக்குத் தெருவழியே நடந்தே போகலாம், தடுப்பாரில்லை. ஆற்றுவழியே பிரேசிலின் மனாஸ் நகருக்குப் படகேறுவோர் இங்கேதான் தவறுகிறார்கள். கடவுச்சீட்டில் லெத்திசியாவில் வெளியேறும் முத்திரை, பிறகு தபாட்டிங்காவில் நுழைவு முத்திரை, இரண்டும் வாங்காமல் கப்பலேறாதீர்கள்.

நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் பல மீட்டர் ஏறியிறங்கும். அதனால் படகுத்துறையே மிதவைமேல். உண்மையான கவலை வண்டல். அது படியப் படிய முதன்மை நீரோட்டம் ஊரைவிட்டு விலகுகிறது. நீர் குறைந்த பருவத்தில் பெரிய படகுகள் கரையை நெருங்கவே திணறுகின்றன.