கோடு ஏறுகிறது: கோலாலம்பூர் செந்தூல் திடல் நாட்குறிப்பு

16 ஜனவரி 2025, வியாழன்

நம் கால்பந்து அணியில் புதுக் கோச்சின் முதல் மாலை. ஆட்ட அமைப்பில் 4-4-2 போய் 4-3-3 வருகிறதாம் என்று மாமாக் கடையில் வாரம் முழுக்கப் பேச்சு. மனிதர் அந்த எண்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. போன பருவத்து ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நம் தற்காப்பு வரிசை வழக்கமாக நின்ற இடத்தில், பெனால்டி கட்டத்துக்குச் சற்று முன்னால், நான்கு கோன் வைத்தார். ஸ்ட்ரைக்கர் நின்ற இடத்தில் இன்னொன்று. நடுவே நடந்து அளந்தார். 45 மீட்டர்.

பழைய ஆட்டத்தின் கோளாறு முழுவதும் அந்த 45 மீட்டரில்தான் கிடந்தது. பின்னாலிருந்து உயரப் பந்து போகும். நம் நெட்டை ஸ்ட்ரைக்கர் தலையால் முட்டுவார், பெரும்பாலும் ஜெயிப்பார். முட்டிய பந்து விழும் இடத்தில் நம் ஆள் இருக்க மாட்டார். மத்தியத் திடல்காரர்கள் இருபது மீட்டர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் பந்து எதிரணிக்கு. திரும்ப இறங்கு, திரும்ப உதை.

கோச் பின்வரிசைக் கோன்களை 15 மீட்டர் முன்னால் தள்ளினார். “இனிமே முப்பது மீட்டருக்குள்ள பத்துப் பேரும் இருக்கணும். மத்தத அப்புறம் பேசலாம்.”

21 ஜனவரி, செவ்வாய்

வரிசையை ஏற்றச் சொல்வது சுலபம். எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பதற்கு இன்று ஒன்றரை மணி நேரம் போனது. கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி: பந்து மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா?

பந்து வைத்திருப்பவர் தலை குனிந்திருந்தால், முதுகைக் காட்டினால், அல்லது கையெட்டும் தூரத்தில் நம் ஆள் நின்றால் அது மூடிய பந்து. வரிசை ஏறலாம். அவர் தலை நிமிர்ந்து, எதிரே ஆளில்லாமல், உதைக்கும் காலைப் பின்னுக்கு இழுத்தால் திறந்த பந்து. அவர் உதைக்கும் முன்பே நம் வரிசை நான்கைந்து அடி பின்வாங்கியிருக்க வேண்டும். உதைத்தபின் திரும்பி ஓடுகிறவர் விங்கரின் (எதிரணியின் ஓரத் தாக்குதல்காரர்) முதுகைத்தான் பார்ப்பார்.

பயிற்சிக் கட்டம் 40க்கு 30 மீட்டர். தற்காப்புக்கு நான்கு பேர், தாக்குதலுக்கு மூன்று, பந்து போட இருவர். பந்து பின்னால் தட்டப்பட்ட கணமே எல்லாரும் ஐந்தடி ஏற்றம். உடம்பைப் பக்கவாட்டில் வைத்து நிற்க வேண்டும். நேராக நின்றால் திரும்புவதற்கே அரை நொடி போய்விடும். குரல் கொடுப்பது ஒருவர் மட்டும், இடது செண்டர் பேக் (நடுத் தற்காப்பாளர்). “ஏறு”, “இறங்கு”, அவ்வளவே. நாலு பேரும் கத்தினால் மீன் சந்தை.

கெட்டதெல்லாம் ஒரே இடத்தில்: ரைட் பேக், வலது ஓரத் தற்காப்பாளர். அவர் கண் தன் விங்கர் மேல், வரிசை மேல் இல்லை. மூன்று பேர் ஏறி ஒருவர் ஓரடி தங்கினால், எதிரணி முழுக்க ஆன்சைட். பந்து போடும் கணத்தில் நம் கடைசித் தற்காப்பாளரைத் தாண்டி நின்றால்தானே ஆஃப்சைட்.

23 ஜனவரி, வியாழன்

ஐந்தேகாலுக்கே இடி. சிங்க் கூரைக்கடியில் வெள்ளைப் பலகை வகுப்பு. 2011இல் இங்கிலாந்தின் செல்சி அணிக்குக் கோச்சாக வந்த வில்லாஸ்-போவாஸ் வரிசையை மேலே ஏற்றினார், பின்னால் இருந்தது வேகம் குறைந்துவிட்ட தற்காப்பாளர் ஜான் டெர்ரி. அக்டோபர் 29 அன்று ஆர்சனல் செல்சியின் சொந்தத் திடலான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜிலேயே 5-3 என்று ஜெயித்தது. வான் பெர்சிக்கு மூன்று கோல். 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸின் வேலை போனது.

நம் இடது செண்டர் பேக் அண்ணனுக்கு வயது 36. ஆட்டத்தை முன்கூட்டியே படிப்பார், ஓட்டப் பந்தயம் வைத்தால் தோற்பார். அதனால் கோச் உச்ச வரம்பு போட்டார்: நம் கோலிலிருந்து 40 மீட்டர். அதைக் காட்ட டச் லைனுக்கு (பக்கக் கோடு) வெளியே ஒரு மஞ்சள் கோன் நிற்கும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

நட்பு ஆட்டம், 1-4. வாங்கிய நான்கில் மூன்று ஒரே அச்சு.

கோல் போட்ட உற்சாகத்தில் மஞ்சள் கோனை மறந்து வரிசை நடுக்கோடு வரை போனது. தன் பாதியில் நிற்பவருக்கு ஆஃப்சைட்டே கிடையாது. எதிரணி விங்கர் நடுக்கோட்டுக்கு ஓரடி உள்ளே, தன் பாதியில் சும்மா நின்றார். பந்து தலைக்கு மேலே போனது, ஓடினார், அவ்வளவுதான்.

பின்வரிசையைத் திட்டுவதில் பாதி நியாயம்தான் உண்டு. மூன்று கோலிலும் பந்தைத் தூக்கிப் போட்டவர் மேல் ஒருவரும் பாயவில்லை. பந்தை இழந்ததும் இடுப்பில் கை வைத்து நிற்கும் பழைய பழக்கம் முன்வரிசையை விடவில்லை. முன்னால் பந்தை மூடாமல் பின்னால் வரிசையை ஏற்றுவது கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் காவல் நிற்பது மாதிரி.

2023 நவம்பரில் டோட்டன்ஹாம் ஒன்பது பேராகக் குறைந்த பின்னும் அதன் கோச் போஸ்டேகோக்லு வரிசையை நடுக்கோட்டருகே வைத்திருந்தார். கீப்பர் விகாரியோ கட்டத்துக்கு வெளியே ஓடி ஓடித் துடைத்ததில் 75ஆவது நிமிடம் வரை 1-1. கடைசியில் செல்சிக்கு 4-1. இங்கே விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்த பலர் கைதட்டினார்கள். நமக்கு அது வீம்பு. ஒன்பது பேரால் பந்தை மூட முடியாது.

4 பிப்ரவரி, செவ்வாய்

கீப்பருக்கான நாள். வரிசை 40இல் இருந்தால் அவர் கோல் கோட்டிலிருந்து 20 மீட்டராவது வெளியே நிற்க வேண்டும். வரிசைக்குப் பின்னால் மாறி மாறிப் பந்துகள். “என்னுது” அல்லது “விடு”, பந்து தரையைத் தொடுமுன் சொல்லியாக வேண்டும். வெளியே வந்தால் டச் லைனுக்கு உதை. ஒருமுறை நடுவில் அழகாகப் பாஸ் கொடுக்கப் பார்த்தார், காலி வலை.

கோல் கிக்கும் மாறுகிறது. 2019 விதிமாற்றத்துக்குப் பிறகு நம் ஆள் கட்டத்துக்குள்ளேயே பந்தை வாங்கலாம். செண்டர் பேக் இருவரும் கீப்பருக்கு இருபுறமும், நடு மத்தியத் திடல்காரர் கட்டத்தின் விளிம்பில். இங்குள்ள அகல இலைப் புல்லில் பந்து மெதுவாகத்தான் உருளும். கணுக்காலை இறுக்கி, ஐரோப்பாவில் பார்ப்பதைவிட ஒரு பங்கு கூடுதலாக உதைக்க வேண்டும். மழை நாளில் குறுகிய கோல் கிக் கிடையாது.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். பாதி அணி பத்து மலை முருகன் கோயிலில். வெறுங்காலில் நடந்தவர்களுக்கு வியாழன் ஓட்டம் இல்லை, பாதத்தைக் காட்டிவிட்டுத்தான் பூட்ஸ்.

13 பிப்ரவரி, வியாழன்

எப்போது பாய்வது? நான்கு சைகைகள். எதிரணி பின்னால் பாஸ் கொடுத்தால். முதல் தொடுதல் ஒரு மீட்டருக்கு மேல் துள்ளினால். அவர்கள் ஃபுல்பேக் (ஓரத் தற்காப்பாளர்) டச் லைனோரம் தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கினால். பந்து காற்றில் வந்தால். முதல் ஆள் நேராக ஓடாமல் வளைந்து ஓட வேண்டும், உள்பக்கப் பாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி. இரண்டாவது ஆள் பக்கத்தில் வாங்கக்கூடியவரிடம். பந்து போனால் ஐந்து விநாடி முழு மூச்சு. கிடைக்காவிட்டால் எல்லாரும் 30 மீட்டருக்குள் சுருங்கு.

மலேசியத் தேசிய அணியான ஹரிமாவ் மலாயாவை அப்போதைய கோச் கிம் பான்-கோன் இந்த வழிக்குத்தான் திருப்பினார். 2024 ஜனவரி 25 அன்று ஆசியக் கோப்பையில் தென் கொரியாவுடன் 3-3. ஃபைசால் ஹலிமின் கோல் அவர்கள் கோலருகே பறித்த பந்தில் வந்தது. அதே கோப்பையில் ஜோர்டானிடம் 0-4 என்பதையும் மறைக்கக் கூடாது.

இங்கே இந்த ஆட்டத்துக்கு முதல் எதிரி வெயில். பயிற்சிக்கு முன்னும் பின்னும் தராசு வைத்தோம். 78 கிலோ ஆள் 76.2க்கு இறங்கினார், போனது பெரும்பாலும் வியர்வை. உடல் எடையில் இரண்டு விழுக்காடு குறைந்தாலே கால் கனக்கும், முடிவெடுப்பதும் தாமதமாகும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வீதம், உப்பு சேர்த்து, சில மணி நேரத்தில் குடித்து முடிக்க வேண்டும். 90 நிமிடமும் பாய்வது நடக்காத காரியம். கோச்சின் கணக்கு: முதல் 15 நிமிடம், இடைவேளைக்குப் பின் முதல் 10, கோல் அடித்த பின் 3. மற்ற நேரம் வரிசை நம் கோலிலிருந்து 30 மீட்டரில், பொறுமை.

16 பிப்ரவரி, ஞாயிறு

2-2. முதல் 15 நிமிடத்தில் இரண்டு கோல், இரண்டும் பறித்த பந்து. 60ஆவது நிமிடத்தில் மழை. இடது மூலையில் குட்டை தேங்கியது, பாஸ்கள் அதில் செத்தன. கோச் உடனே நெட்டை ஸ்ட்ரைக்கருக்கு உயரப் பந்தைத் திரும்பக் கொண்டுவந்தார். பழைய ஆட்டம்தான், ஆனால் முட்டிய பந்து விழும் இடத்தில் இப்போது மூன்று பேர். இரண்டாவது கோலை வாங்கியது கடைசி ஐந்து நிமிடத்தில்: ரைட் பேக், ஓரடி.

6 மார்ச், வியாழன்

நோன்பு மாதம். தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து இரவு 10.15க்குப் பயிற்சி, விளக்கொளியில். நோன்பிருக்கும் நால்வரும் முதல் 40 நிமிடம் மட்டும். சூடு இல்லாததால் பாய்ச்சல் நீண்டநேரம் நிற்கிறது. இதைப் பார்த்து மாலை ஆட்டத்துக்குக் கணக்குப் போடக் கூடாது.

வீடியோவில் அளந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் இடைவெளி 31 மீட்டர். ரைட் பேக்குக்குச் செவ்வாய்க்கிழமை தனிப் பயிற்சி: இடுப்பில் கயிறு, மறுமுனை செண்டர் பேக் இடுப்பில், நீளம் எட்டு மீட்டர்.