முதலாளி எம்.எல்.ஏ.வுக்கு நின்றபோது நான் எழுதிய கணக்கு

முதலாளியம்மாவிடம் எத்தனை பவுன் நகை இருக்கிறது என்பது, கல்யாணமாகி முப்பத்தொரு வருடங்களாக முதலாளிக்கே தெரியாது. 2021 மார்ச் மாதம் ஓர் இரவு, தோட்டத்து வீட்டுத் திண்ணையில், வேட்பாளர் சொத்து விவரம் எழுதும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-ஐ விரித்துவைத்துக்கொண்டு நான் கேட்டபோதுதான் தெரிந்தது. அம்மா முதலில் ஒரு கணக்குச் சொன்னார். உள்ளே போய்விட்டு வந்து வேறொன்று சொன்னார். மூன்றாம் முறை சொன்னது முதலில் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டேன்.

காங்கேயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் நடுவில் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கொப்பரைக் களம், எண்ணெய், புண்ணாக்கு, இரண்டு லாரி, முதலாளியும் அவர் தம்பியும் கூட்டாக நடத்தும் சிறிய ஒப்பந்த நிறுவனம் என்று ஐந்தாறு பேரேடுகள் என் கையில் இருக்கின்றன. பிப்ரவரி 26 அன்று தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும், சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்கப் போவதாக முதலாளி சொன்னபோது, பருவம் பார்த்துக் கொப்பரை வாங்குகிறவருக்கு இது என்ன பருவம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவருக்கு ஒரே காரணம், தண்ணீர். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நாங்கள் கடைமடை. நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடும் தண்ணீர் மேலேயே தீர்ந்துபோய், வெள்ளக்கோவில் கிளை வாய்க்காலுக்கு வரும்போது ஈரமாகத்தான் வரும். "பொள்ளாச்சி மகாலிங்கம் யார்? பஸ் விட்ட குடும்பம். 1952 முதல் 1967 வரை சட்டமன்றத்தில் இருந்தார். அந்தக் காலத்தில்தானே இந்தத் திட்டமே வந்தது? வியாபாரி போனால் வேலை நடக்கும்" என்பார். மகாலிங்கத்துக்குக் காங்கிரஸ் இருந்தது, மேலே காமராஜர் இருந்தார், அமைச்சராகச் சி. சுப்பிரமணியம் இருந்தார், நமக்குப் புண்ணாக்கு மூட்டைதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறவன் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

என்னையே தேர்தல் முகவராகப் போட்டார். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் என்றால் முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேருமே அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். இந்தப் பத்து வந்ததற்கு எங்கள் சீமையே ஒரு காரணம். 1996-இல் விவசாயிகளின் குறைகளை நாடு கவனிக்கட்டும் என்று மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டியிருந்தது. அந்த வருடமே சட்டத்தைத் திருத்தி, 250 ரூபாயாக இருந்த வைப்புத்தொகையை 5,000 ஆக்கி, பத்துப் பேர் விதியையும் கொண்டுவந்தார்கள். இப்போது அது 10,000. மொடக்குறிச்சிக்காரர்களை மனதுக்குள் வைதுகொண்டே பத்துப் பேரைச் சேர்த்தேன்.

பத்துப் பேரில் ஒருவர் முதலாளியின் தாய்மாமன். வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் தேடினால் ஆளையே காணோம். அவருடைய தோட்டம் சாலைக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் பக்கத்துத் தொகுதி. முன்பு வெள்ளக்கோவில் என்றே தனித் தொகுதி இருந்தது, 2008 மறுவரையறையில் போய்விட்டது. மாமனோ இன்னும் அந்தக் காலத்திலேயே இருந்தார். "இத்தனை வருடம் எவனுக்கு ஓட்டுப் போட்டேன் என்றே தெரியவில்லையே" என்று அவர் வருத்தப்பட்டது எனக்கு மறக்காது. அந்த ராத்திரியிலேயே களத்து மேஸ்திரியை எழுப்பிக் கையெழுத்து வாங்கினோம். இதைச் செய்யப் போகிறவர்கள் பன்னிரண்டு பேரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

படிவம் 26 தான் பெரிய மலை. முதலாளி, மனைவி, சார்ந்திருப்போர், இந்து கூட்டுக் குடும்பம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி, ஒவ்வொருவருடைய ஐந்து வருட வருமானம். பூமிக்குச் சர்வே எண், வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு. கைமாற்றாக வாங்கியதுகூடக் கடன்தான், எழுத வேண்டும். எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடக் கூடாது. 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுதியாக வேண்டும், விட்டால் வேட்புமனுவே தள்ளுபடி ஆகலாம். அன்று இரவு நான் எத்தனை 'பொருந்தாது' எழுதினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. மில் கணக்கில் ஒரு வரவை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம், ஒரு செலவைத் தம்பி பேரில் போடலாம். இங்கே எல்லாம் ஒரே தாளில், நோட்டரி முன்னால், சத்தியமாக.

ஒப்பந்த நிறுவனம்தான் உயிரை எடுத்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 9-ஏ என்ன சொல்கிறது என்றால், அரசுக்குப் பொருள் தரவோ வேலை செய்யவோ நடப்பில் ஒப்பந்தம் உள்ளவர் வேட்பாளராகத் தகுதி இல்லை. எங்கள் நிறுவனம் மாநில அரசுக்கு ஒரு சிறுபாலம் கட்டியிருந்தது. வேலை முடிந்து நாளாகிவிட்டது, கடைசிப் பில் பணம் வரவில்லை. பணம் வராததால் ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறதோ என்று முதலாளிக்கு வியர்த்துவிட்டது. வக்கீல்தான் அந்தப் பிரிவின் விளக்கத்தைப் படித்துக் காட்டினார்: நாம் செய்ய வேண்டியதை முழுக்கச் செய்துவிட்டால், அரசு தன் பங்கைச் செய்யாத ஒரே காரணத்தால் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கொள்ள முடியாது. அப்படியானால் பணி நிறைவுச் சான்று வேண்டும். இரண்டு நாள் தேடினேன். கடைசியில் அது லாரி இன்சூரன்ஸ் கோப்புக்குள் இருந்தது. அங்கே வைத்தவன் நான்தான்.

மார்ச் 17 அன்று மனுக் கொடுத்தோம். கொரோனா காலம் என்பதால் வேட்பாளருடன் இரண்டு பேருக்குத்தான் அனுமதி, ஆகவே மாலை மரியாதைக்காரர்கள் எல்லாம் வெளியே வெயிலில் நின்றார்கள். உறுதிமொழி படிக்கும்போது முதலாளியின் குரல் நடுங்கியது. கோடிக்கணக்கில் கொப்பரை பேரம் பேசிய குரல் அது.

நாங்கள் எதிர்பாராதது, அந்தப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறும், யாரும் பார்க்கலாம் என்பதன் அர்த்தம். மறுநாளே பங்காளி ஒருவர் வந்து, மூலனூர்ப் பக்கம் பூமி வாங்கியதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அடுத்த வாரம் எங்கள் சுமை தூக்கும் ஆட்கள் கூலி உயர்வு கேட்டார்கள். ஆதாரம், நான் எழுதிய ஐந்து வருட வருமானம். செல்பேசியில் அதை எனக்கே காட்டினார்கள். கூலி உயர்ந்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

கடைமடைத் தண்ணீருக்காகச் சாலையில் உட்கார்ந்த வழக்கு ஒன்று முதலாளி மேல் நிலுவையில் இருந்தது. நிலுவையில் வழக்கு இருந்தால் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் கொடுக்க வேண்டும். தலைப்பு 'குற்றப் பின்னணி' என்றுதான் வரும். அதைப் படித்துவிட்டு அவருடைய ஆத்தா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

சின்னம் தையல் இயந்திரம். கொப்பரை வியாபாரிக்குத் தையல் இயந்திரமா என்று சிரித்தார்கள், ஆனால் திருப்பூர் மாவட்டத்தில் அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

செலவுப் பதிவேடு என் ராஜ்ஜியம். வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. இதற்கென்றே தனி வங்கிக் கணக்கு, அதையும் மனுக் கொடுப்பதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும். ஒருவருக்குத் தேர்தல் முழுக்கச் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுக்கக் கூடாது. உச்சவரம்பு அப்போது 30 லட்சத்து 80 ஆயிரம். நாங்கள் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. டீ, வடை, நாற்காலி, டெம்போ என்று எல்லாவற்றுக்கும் மாவட்டத்தில் விலைப்பட்டியல் போட்டிருப்பார்கள், நீங்கள் குறைவாக வாங்கினேன் என்றால் நம்ப மாட்டார்கள். நம் செலவைப் பார்த்துப் பார்த்து, தேர்தல் அதிகாரிகளும் தனியே ஒரு நிழல் பதிவேடு எழுதுவார்கள்.

அந்த நிழலில்தான் மாட்டிக்கொண்டோம். உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு முதலாளி போய்க் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டார், மொய் 1,001 எழுதினார். தேர்தல் அதிகாரிகளின் வீடியோக் குழு பந்தலையும் நாற்காலிகளையும் பந்தியையும் எங்கள் கணக்கில் ஏற்றிவிட்டது. அத்துடன் பணம் கொடுத்ததாகவும் குறிப்பு. நோட்டீஸ் வந்தது. செலவினப் பார்வையாளர் வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. அழைப்பிதழையும், முதலாளி மகள் சீருக்கு அதே வீட்டார் பன்னிரண்டு வருடம் முன்பு 1,001 எழுதியிருந்த எங்கள் மொய் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். இது தானமில்லை, திருப்பிக் கொடுப்பது என்றேன். மொழிபெயர்த்தவர் என்ன சொன்னாரோ, "கடன் என்றால் வட்டி எங்கே?" என்று கேட்டார் பார்வையாளர். வட்டி போட்டால் உறவு போய்விடும் ஐயா என்றேன். அரை மணி நேரம் நோட்டைப் புரட்டிப் புரட்டி எதையெதையோ கேட்டார். பந்தலும் பந்தியும் எங்கள் கணக்கிலிருந்து நீங்கின. மொய்க்கு மட்டும் எழுத்துமூலம் விளக்கம் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை. எத்தனை ஓட்டு என்று எழுத எனக்கு மனமில்லை. வைப்புத்தொகை திரும்ப வேண்டுமானால் பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். நாங்கள் அதற்கு எங்கேயோ கீழே. தோற்றுவிட்டோம் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. முடிவு வந்த 30 நாளுக்குள் இறுதிக் கணக்குக் கொடுக்காவிட்டால் மூன்று வருடம் போட்டியிட முடியாமல் தகுதி நீக்கம் செய்யலாம். மே 10 முதல் ஊரடங்கு. ஜெராக்ஸ் கடை கிடையாது. வெளியே போக இணையத்தில் இ-பதிவு செய்துகொண்டு, ரசீதுக் கட்டை வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு, வழியில் மூன்று இடத்தில் போலீசுக்கு மஞ்சள் தாளையும் இளஞ்சிவப்புத் தாளையும் காட்டிக் காட்டித்தான் போய்ச் சேர்ந்தேன். ஒப்புகைச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, இந்த முறை சரியான கோப்பில்.

மில்லுக்குத் திரும்பியதும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. வைப்புத்தொகையாகப் போன 10,000 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது? வியாபாரச் செலவு என்று எழுத முடியாது, வராக்கடனும் இல்லை. முதலாளியிடம் கேட்டேன். களத்தில் கொப்பரையை ஒடித்துக் காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய்க்கால் என்று எழுது" என்றார்.

அப்படி ஒரு தலைப்பு எங்கள் பேரேட்டில் கிடையாது. புதுப் பக்கம் திறந்து எழுதினேன்.