கூப்பிடு தூரம்

போன கிழமை பால் வாங்கப் போன அம்மா, மார்க்கம் றோட்டின் நடுத்திட்டில் நின்றுகொண்டு எனக்குப் போன் எடுத்தா.

"பிள்ளை, வெள்ளை மனுசன் போயிட்டான். இனி எப்ப வருவான்?"

சிரிப்பு வந்தது. பிறகுதான் நெஞ்சு திக்கென்றது. இரண்டு பக்கமும் லொறி பறக்க, சிக்னலில் நடக்கும் அந்த வெள்ளை உருவத்தைப் பார்த்தபடி பால் பையோடு அம்மா தனிய நிற்கிறா.

எங்கள் வீடு கனடாவில், ரொறொன்ரோ நகரின் ஸ்காபரோவில், மூன்றாம் மாடி. பால்கனியில் நின்றால் எதிரே தமிழ்க் கடைப் பலகை வடிவாய்த் தெரியும். 'கண்ணுக்கு முன்னால கடை' என்று வந்த அன்று சந்தோசப்பட்டவள் நான். உண்மைதான், கண்ணுக்கு முன்னால் மட்டும். போக மூன்று, வர மூன்று, சந்தியில் இடப்பக்கம் திரும்ப ஒன்று: ஏழு வரிசை. சிக்னல் வரை நடந்து, பொத்தானை அமத்தி, செம்மஞ்சள் கை 12, 11 என்று எண்ணத் தொடங்க ஓடி அக்கரை ஏறினாலும் கடை வராது. வயல் மாதிரிக் கார் நிறுத்துமிடம் ஒன்று இடையில் கிடக்கும். பின்னுக்கு எடுக்கிற கார்களுக்குள் புகுந்துதான் வாசலுக்குப் போகவேண்டும்.

கடைக்காரரிடம் முறையிட்டேன். "நடந்து வாற சனத்தை நம்பினா நாளைக்கே பூட்டவேணும், தங்கச்சி. கார் விட இடமிருக்கெண்டுதான் இவ்வளவு வாடகை குடுக்கிறன்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். லோரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபிஞ்ச் என்று ஏறத்தாழ 2 கிலோமீற்றருக்கு ஒன்றாய், பண்ணை நிலம் அளந்த காலத்தில் கிழித்த கோடுகள்தான் இங்கே பெருந்தெருக்கள். ஊரின் வாகனமெல்லாம் அவற்றில்தான் வந்து விழும். அறுபதில் போகிறவன் கண்ணாடி அலுமாரியில் என்ன இருக்கிறதென்று பார்ப்பானா? அதனால் கடைக்கு முகமில்லை. றோட்டோரம் ஒரு உயரப் பலகை. அதில் நகைக்கடை, பல் வைத்தியர், வழக்கறிஞர் எல்லாரும் ஒருவர் தலையில் ஒருவர்.

பக்கத்து வீட்டு அண்ணை 1989இல் வந்தவர். அப்போது நகர நடுவில், பார்லிமென்ட் வீதிப் பக்கம் இருந்தாராம். தமிழ்க் கடையும் அங்கேதானாம். "மாடியால இறங்கினா கடை. சாமான் வாங்கப் போய் வேலைச் செய்தியோட வருவம்" என்பார். பிறகு எல்லாரும் வீடு வாங்கி ஸ்காபரோவுக்கு வந்தார்கள், கடைகளும் பின்னால் வந்தன. றோட்டுத்தான் அகன்றுவிட்டது.

நான் பழகிவிட்டேன். லைசென்ஸ் எடுத்தாயிற்று. எதிர்க்கடைக்கே இப்போது காரில்தான் போகிறேன், ஒரு பிடி கறிவேப்பிலைக்கு! வெட்கமில்லை, பனிக்காலத்தில் கொஞ்சமும் இல்லை. ஆனால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் படலைதான் கண்ணுக்குள் வரும். கே.கே.எஸ். (காங்கேசன்துறை) றோட்டில் இரண்டு பஸ் சந்தித்தால் ஒன்று ஒதுங்கவேணும். சைக்கிள்காரர் மதிலோடு ஒட்டிக்கொள்வார்கள். அம்மா படலையில் நின்றபடியே, "தம்பி, பாண் வந்திட்டுதோ?" என்பா. எதிர்க்கடையிலிருந்து, "சூடா இருக்கு அக்கா, ஒண்டோ ரண்டோ?" என்று வரும். அம்மா இரண்டு விரலைக் காட்டுவா. பொடியன் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து தருவான். காசு கொப்பியில் ஏறும்.

நேற்று கடை வாசலில் சாமான் பையைக் காரில் ஏற்றும்போது நிமிர்ந்து பார்த்தேன். அக்கரைப் பால்கனியில் அம்மா. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து எதையோ கத்துகிறா. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கையைத் தூக்கி என்னவென்று கேட்டேன். நடுவில் ஒரு நீளப் பஸ் போனது, பிறகு சீமெந்து லொறி ஒன்று.

வீட்டுக்கு வந்ததும், "என்னம்மா வேணும், போன் எடுத்திருக்கலாமே?" என்றேன்.

"ஒண்டுமில்லை பிள்ளை. கேக்குதோ எண்டு சும்மா கூப்பிட்டுப் பாத்தனான்."