காரைக்குடிக்குள்ளா, பள்ளத்தூர்ப் பக்கமா?

சென்னையை விட்டு செட்டிநாட்டுப் பக்கம் திரும்பும் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது வாடகையை. பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை அதற்கும் முன்னால் பாருங்கள்.

2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூரும் அதில் சேர்ந்தது. ஆனாலும் டவுனுக்குள் செக்காலையில் வளரும் பிள்ளைக்கும் கோட்டையூர், பள்ளத்தூர்ப் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் வேன்தான். பள்ளத்தூரிலிருந்து நேர்ப் பேருந்தில் அரைமணிதான். பள்ளி வேனோ நாலு ஊர் சுற்றி ஆள் ஏற்றும். காலையில் முதலில் ஏறும் பிள்ளை மாலையில் கடைசியாக இறங்குகிறதா என்று ஓட்டுநரிடமே கேளுங்கள். அப்படியானால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிழும், விளையாட்டே இருக்காது. போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால், அந்த வயதில் உள்ளூர்த் தொடக்கப்பள்ளியே மேல் என்பேன்.

கிராமத்தில் பழைய வீடு வாடகைக்கு வந்தால் ஆசையாகத்தான் இருக்கும். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், பிள்ளை வெயில் படாமல் ஓடலாம். ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும். முற்றத்துக்கு இறங்கும் படியில் தவழும் குழந்தை உருண்டுவிடும். கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டுப் பூட்டாமல் பால் காய்ச்சாதீர்கள். ஐப்பசிக்கு முன் ஓடு மாற்ற வேண்டும். பங்காளிகள் பலருக்குச் சொந்தமான வீடென்றால், செலவுக்கு எல்லாரும் ஒத்துக்கொள்வதற்குள் மழை வந்து ஒழுகிவிடும். யார் செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை ஊர்க்குளமான ஊருணிதான். கார்த்திகையில் நிரம்பித் ததும்பும்போது, படித்துறையில் தண்ணீருக்கு அடியில் இருக்கும் படிகளில் பாசி படிந்திருக்கும். தூர்வாரும்போது இயந்திரம் ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டியிருக்கும்; மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நிற்கும் பிள்ளை அடுத்த எட்டில் முங்கிவிடும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, மூச்சு வாங்கவே நேரமிருக்காது. அதனால் சத்தத்தை நம்பி வீட்டுக்குள் இருக்கக் கூடாது. ஆறேழு வயதிலேயே நீச்சல் பழக்குங்கள். அது தெரிந்தாலும் துணையில்லாமல் விடாதீர்கள். யாராவது விழுந்தால் குதிக்காமல் வேட்டியோ கயிறோ காலிப் பிளாஸ்டிக் குடமோ வீச வேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

டவுனில் இந்தப் பயம் குறைவு. பதிலுக்குப் போக்குவரத்தும், விளையாட இடமின்மையும். அங்கே வீடு பார்த்தால் பள்ளிக்குப் பெரிய சாலையைக் கடக்காமல் நடந்து போக முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆறாம் வகுப்பில் கணக்கு மாறும். 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடித்துத் தனியார் பள்ளிக்குப் போனால் அந்தத் தகுதி போய்விடும். நம் பக்கம் இதில் பலர் ஏமாறுகிறார்கள்: செட்டியார்கள் கட்டிய பழைய பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவை, அரசுப் பள்ளிகள் அல்ல. கட்டணம் குறைவு என்பதால் அரசுப் பள்ளி என்றே நினைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு முன்பே, சேர்க்கப்போகும் பள்ளி அரசுப் பள்ளிதானா என்று தலைமை ஆசிரியரிடம் நேரில் கேட்டுவிட்டு, அதன்பிறகு வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.