தோஷோதாய்ஜி: பார்வை இழந்தும் கடல் கடந்த ஆசாரியரின் கோயில்

ஜப்பானின் நாரா நகரில் பெரும்பாலான யாத்திரிகர்கள் தோதாய்ஜியின் மாபெரும் புத்தரைத் தரிசித்ததோடு திரும்பிவிடுகிறார்கள். நகரின் மேற்கே, யாகுஷிஜி என்னும் மற்றொரு பௌத்தக் கோயிலிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் உள்ள தோஷோதாய்ஜிக்கு வருவோர் குறைவு. நிதானமாக வழிபட விரும்புவோருக்கு அது நல்லதே.

வாயிலைக் கடந்ததும், எட்டுத் தூண்கள் வரிசையாகத் தாங்கி நிற்கும் பொன்மண்டபம் நேர் எதிரே தெரிகிறது. இதன் மரங்களுள் சில 781ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என்று ஆண்டுவளைய ஆய்வு காட்டியிருக்கிறது. தாங் பேரரசுக் காலத்து (618–907) மரக் கோயில்கள் சீனாவிலேயே மிகச் சிலதான் எஞ்சியிருப்பதால், அக்காலத்துச் சீனக் கலையை உணர நாராவுக்கு வருவதே சிறந்த வழி என்று எனக்குத் தோன்றுகிறது. மண்டபத்தின் நடுவே வைரோசன புத்தர் அமர்ந்திருக்க, ஒருபுறம் மருத்துவ புத்தரும், மறுபுறம் ஐந்து மீட்டருக்கும் மேல் உயர்ந்த கருணையின் போதிசத்துவரான ஆயிரங்கை அவலோகிதேசுவரரும் நிற்கின்றனர். உள்ளே செல்ல அனுமதியில்லை. வாசலில் நின்றபடியே கைகூப்பினேன்.

இக்கோயிலை 759இல் நிறுவியவர் சீனாவின் யாங்சோவைச் சேர்ந்த துறவி ஜியான்ஜென். ஜப்பானியர் அவரைக் கான்ஜின் என்று போற்றுகின்றனர். முறையான துறவுத் தீட்சைக்குப் பத்துத் துறவியர் கூடிய சபை வேண்டும் என்பது விநயம் என்னும் துறவியர் ஒழுக்க நெறியின் விதி. அதை நடத்தத் தகுதியுடைய ஆசாரியரைத் தேடிச் சீனா சென்ற யோயெய், ஃபுஷோ என்னும் இரு ஜப்பானியத் துறவியர், 742இல் அவரை வணங்கி அழைத்தனர். சீனப் பண்பாடு அண்டை நாடுகளுக்குப் பரவியதைப் பேரரசின் வலிமையால் நிகழ்ந்ததாகவே எண்ணிப் பழகிய நமக்கு, அது இப்படி வேண்டிப் பெறப்பட்டதும் உண்டு என்பது இங்கேதான் உறைக்கிறது. புயலாலும் அதிகாரிகளின் தடையாலும் ஐந்து முயற்சிகள் தோற்றன. ஒருமுறை அவரது கப்பல் ஹைனான் தீவுவரை அடித்துச் செல்லப்பட்டது. யோயெய் வழியிலேயே இறந்தார். ஆசாரியரும் பார்வையை இழந்தார். ஆறாம் முயற்சியில் 753இல் ஜப்பானை அடைந்த அவர், மறு ஆண்டு தோதாய்ஜியில் மேடை அமைத்து, அரியணை துறந்த பேரரசர் ஷோமுவுக்கும் பேரரசி கோகெனுக்கும் சீலம் என்னும் ஒழுக்க விரதங்களை வழங்கினார்.

அவர் 763இல் மறைந்தார். துணியை அரக்கில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் முறையில் சீடர்கள் வடித்த அவரது உருவம் இன்றும் கோயிலில் உள்ளது. அந்தக் கைத்திறமும் சீனாவிலிருந்து வந்ததே. கண்மூடி அமர்ந்திருக்கும் அந்த முகத்தில் துயரின் சாயலே இல்லை. எனினும், அவர் கொண்டுவந்த தீட்சை மரபை ஜப்பான் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. தோதாய்ஜியிலேயே தீட்சை பெற்றவரும் ஜப்பானில் தெண்டாய் பிரிவை நிறுவியவருமான சாய்ச்சோ, துறவியாவதற்கு, எல்லா உயிர்களின் நலத்துக்காக வாழ்வதாக ஏற்கும் போதிசத்துவ சீலம் மட்டுமே போதும் என்று வாதிட்டார். அவர் மறைந்த 822இல் அவரது மடம் இருந்த ஹியெய் மலைக்கு அம்முறையில் தீட்சை அளிக்கும் அனுமதியும் கிடைத்தது.

மூல உருவத்தை ஜூன் 6ஐ ஒட்டிய சில நாட்களில் மட்டுமே தரிசிக்கலாம். மற்ற நாட்களில், நான் கண்டதுபோல, நிறுவனர் மண்டபத்திலுள்ள பிரதியைத்தான் காண இயலும். கிந்தெத்சு ரயிலில் நிஷினோக்யோ நிலையத்தில் இறங்கினால், யாகுஷிஜியையும் சேர்த்து அரை நாளில் தரிசித்துவிடலாம்.