யோகா நோய், இயலாம நோய்

போன வருசம் எங்க சபைலர்ந்து பத்து நாள் மெடிக்கல் மிஷன் ட்ரிப்னு உகாண்டா போயிட்டு வந்தோம்ல, அதை எழுது எழுதுன்னு நாலு பேர் கேட்டுக்கினே கீறாங்க. வந்த ஞாயித்துக்கிழமையே சபைல சாட்சி சொல்லியாச்சு. அங்க சொல்ல முடியாம முழுங்கினது மட்டும்தான் இது.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது. வேலூர் சத்துவாச்சாரில சின்னதா ஒரு மருந்துக்கடை. டீம்ல மொத்தம் ஆறு பேர். டாக்டரம்மா, அவங்க வீட்டுக்காரர் பல் டாக்டர், ரெண்டு சிஸ்டருங்க, மாத்திரை எண்ணிக் குடுக்க நான், அப்புறம் எங்க கமிட்டி அண்ணன். கமிட்டி அண்ணன் எதுக்குன்னு கேக்கக்கூடாது. ஜெபத்துக்கு, கணக்குக்கு, போட்டோவுக்கு. கவர்மெண்ட் ஆபீஸ்ல ரிட்டயர்டு ஆனவரு, எதையும் மூணு காப்பி எடுத்து ஃபைல்ல போட்டாதான் அவருக்கு தூக்கம் வரும்.

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சர்ச் வாசல்ல ஃப்ளெக்ஸ் வெச்சிட்டாங்க. ஆறு பேர் போட்டோ, பின்னாடி ஒரு சிங்கம், ரெண்டு ஒட்டகச்சிவிங்கி, கீழ 'ஆப்பிரிக்கா மிஷனெரிகளுக்காக ஜெபியுங்கள்'. ஃப்ளெக்ஸ் அடிச்ச தம்பி என் தலைய கரெக்டா சிங்கத்தோட வாய்க்கு கீழ வெச்சிருந்தான், அதைப் பாத்துட்டுதான் எல்லாரும் ரொம்ப உருக்கமா ஜெபம் பண்ணாங்கன்னு நினைக்கிறேன். பத்து நாள்ல நாங்க பாத்த மிருகம் ஆடு, மாடு, கோழி. ஒரு கோழி பல் டாக்டரோட ட்ரேல ஏறி நின்னுச்சு, அவ்ளோதான் எங்க சஃபாரி.

ஊசி கதை தனி. உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கண்டிப்பா போடணும், போட்டு பத்து நாள் கழிச்சுதான் அந்த மஞ்ச கார்டு செல்லும், திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்லயே அதை கேப்பாங்க. அதுக்காக கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வரைக்கும் போயிட்டு வந்தேன். வீட்டுல அம்மாகிட்ட மஞ்சள் காய்ச்சல்னு சொன்னது என் தப்பு. அவங்க காதுல மஞ்ச காமாலைன்னுதான் விழுந்திருக்கு. மறுநாள் காலைல ஒரு டம்ளர் கீழாநெல்லி சாறு. "இது அது இல்லம்மா, கொசு கடிச்சு வர்ற வைரஸ்"னேன். "இன்னாவா இருந்தா இன்னா, குடி"ன்னாங்க. கிளம்பற வரைக்கும் தினமும் குடிச்சேன்.

மாத்திரைங்க மூணு பெட்டி எடுத்துக்கினு போனோம். தானமா குடுக்கற மருந்துக்கு காலாவதி ஆக கொறஞ்சது ஒரு வருசமாவது இருக்கணும், அந்த ஊர் மருந்து அதிகாரிங்ககிட்ட முன்னாடியே அனுமதி வாங்கணும், இதெல்லாம் கமிட்டி அண்ணன் மூணு காப்பி ஃபைலால சரியா நடந்துச்சு, அந்த பெருமை அவருக்கு உண்டு. எண்டெபெ ஏர்போர்ட்ல மட்டும் ரெண்டு மணி நேரம் ஒவ்வொரு அட்டையா எண்ணாங்க. அப்புறம் வழில ஒரு ஊர்ல தண்ணி பாட்டில் வாங்க இறங்கி பக்கத்து மருந்துக்கடைய எட்டிப் பாத்தா, நான் கடல் தாண்டி தூக்கிக்கினு வந்த அதே மாத்திரை அதே இந்தியா கம்பெனி அட்டையோட தொங்குது. என் கடைல அது இருக்கற தட்டு கூட எனக்கு கண் முன்னாடி வந்துச்சு. அண்ணன்கிட்ட சொல்லல, மனசு ஒடஞ்சிடுவாரு.

கம்பாலாலர்ந்து சுமார் முன்னூறு கிலோமீட்டர், சொரொட்டி பக்கம். ஜிஞ்சால நைல் நதி பாலத்தை தாண்டும்போது டிரைவர் சொன்னாரு, காந்தி அஸ்தியை 1948-ல இங்கயும் கரைச்சாங்களாம், சிலை கூட வெச்சிருக்காங்களாம். நதில நெறைய தண்ணி. பாலாத்துக்காரனுங்க நாங்க ஆறு பேரும் ஜன்னல் பக்கம் சாஞ்சு வாய பொளந்து பாத்தோம், டிரைவருக்கு நாங்க காந்திக்காக கண் கலங்குறோம்னு தோணியிருக்கும்.

அந்தப் பகுதிக்கு பேரு டெசோ. (டெசோன்னதும் ஈழத்தமிழருக்காக கலைஞர் நடத்தின மாநாடு ஞாபகம் வந்தவங்க எல்லாம் நம்ம வயசு.) போக போக எனக்கு ஒரு சந்தேகம். மொட்டைப் பாறை மலை, வெயிலு, புளியமரம், மாமரம், செவந்த புழுதி. வழில குமின்னு ஒரு ஊரு, அது பக்கத்துல மிஷனெரிங்க ஆரம்பிச்ச பழைய தொழுநோய் ஆஸ்பத்திரி வேற, நம்ம வேலூர் பக்கத்து கரிகிரி மாதிரியே. சின்ன சிஸ்டர் கேட்டுச்சு, "அண்ணா, நாம ஃப்ளைட்ல ஏறினோமா இல்லையா?"

ராத்திரி சாப்பாடு வந்தப்ப முடிவே பண்ணிட்டேன். 'அடாப்'னு ஒண்ணு குடுத்தாங்க, தட்டுல கருப்பா உருண்டையா. தொட்டுப் பாத்தா கேவுரு களி! மரவள்ளி மாவும் கொஞ்சம் புளியும் சேத்து கிண்டியிருக்காங்க, அவ்ளோதான் வித்தியாசம். தொட்டுக்க மல்லாட்டைய, அதான் வேர்க்கடலைய, அரைச்ச கொழம்பு. வட ஆற்காட்டுக்காரனுக்கு களியும் மல்லாட்டையும் குடுத்து "எங்க ஊர் சாப்பாடு உங்களுக்கு பழக்கமிருக்காது, மன்னிச்சிக்கோங்க"ன்னு அந்த வீட்டம்மா சொல்றாங்க. அடுத்த பத்து நிமிசம் யாரும் பேசல. கேவுரே அந்தப் பக்கத்துலர்ந்துதான் நம்மகிட்ட வந்த தானியம்னு டாக்டரம்மா சொன்னாங்க, எங்க ஆயா கேட்டிருந்தா சண்டைக்கு வந்திருக்கும்.

மறுநாள் முகாம். எங்க ஊர்ல மிஷன் கதைக்கு பஞ்சம் இல்ல. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா 1870-ல ராணிப்பேட்டைல பொறந்து, 1900-ல ஒத்தை கட்டிலோட வைத்தியம் ஆரம்பிச்சு, அப்புறம் குடியாத்தம் ரோட்ல வண்டிய நிறுத்தி மரத்தடில மருந்து குடுத்தது, அவங்க காரைப் பாத்து ஜனங்க பேய்னு தலைதெறிக்க ஓடினது எல்லாம் சண்டே ஸ்கூல்ல கேட்டு வளந்தவன் நான். அதனால எங்க வேன் அந்த மாமரத்தடில போய் நிக்கும்போது உள்ளுக்குள்ள ஒரு எதிர்பார்ப்பு. ஒருத்தரும் ஓடல. எழுந்திரிக்கக் கூட இல்ல. ஒரு பையன் மட்டும் வந்து போன் சார்ஜர் இருக்கான்னு கேட்டான்.

என் டேபிள் மரத்துக்கு கீழ. மொத ஆள் ஒரு வயசான அம்மா. கைய புடிச்சிக்கினு "யோகா நோய்!"னாங்க. நான் அண்ணனைப் பாத்தேன், அண்ணன் என்னைப் பாத்தாரு. அடுத்த ஆளு, "யோகா." அதுக்கு அடுத்த ஆளு, "யோகா நோய், யோகா நோய்." மாத்திரைய வாங்கிக்கினு போகும்போது இன்னொண்ணு, "எயலாமா நோய்". என் காதுல சுத்தமா 'இயலாம நோய்'னுதான் விழுது. பாவம், ஒடம்பு இயலாம நோய்னு சொல்றாங்க. நான் ரெஜிஸ்டர்ல எழுதிக்கூட வெச்சேன்.

மத்தியானத்துக்குள்ள கமிட்டி அண்ணன் ஒரு ஆராய்ச்சியே முடிச்சிட்டாரு. "டேய், நோய்னா நோய்தான். கடலுக்குள்ள போன கண்டத்துல நம்மாளுங்க பேசிக்கினு இருந்தது, பாதி இந்தப் பக்கம் ஒதுங்கிடுச்சு. வாட்ஸப்ல வந்துச்சே, நீதான் படிக்கல." சரிண்ணா, யோகா? "நாம இந்தியாலர்ந்து வந்திருக்கோம்ல, யோகா சொல்லிக் குடுத்தா நோய் போவும்னு நம்பிக்கினு கேக்கறாங்க."

இங்க ஒரு விசயம் சொல்லணும். எங்க அண்ணன் சர்வீஸ்ல இருந்தப்ப ஜூன் 21 யோகா தினத்துக்கு ஆபீஸ்ல எல்லாரும் பாய் விரிச்சப்போ இவர் மட்டும் மெடிக்கல் லீவு போட்டவரு. விசுவாசிங்க யோகா பண்ணலாமா கூடாதான்னு வாலிபர் கூட்டத்துல ஒண்ணரை மணி நேரம் பேசினவரு. கூடாதுன்னுதான் பேசினாரு. அந்த மனுசன் முன்னாடி நாப்பது பேர் நின்னு யோகா யோகான்னு கேக்குறாங்க. அஞ்சு நிமிசம் கண்ண மூடி ஜெபம் பண்ணாரு. அப்புறம் சட்டைக் கைய மடிச்சாரு. "யோகா இல்ல, எக்சர்சைஸ். ஸ்கூல்ல பி.டி. வாத்தியார் சொல்லிக் குடுத்தது. புரியுதா?"ன்னு என்னைப் பாத்து சொன்னாரு, நான் எதுவுமே கேக்கல.

அப்புறம் நடந்ததை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். மாமரத்தடில நாப்பது பேரு, மண்வெட்டி புடிச்சு முதுகு வலின்னு வந்த பொம்பளைங்க, முதுகுல கொழந்தைய கட்டினவங்க, கொம்பு ஊனிக்கினு வந்த தாத்தா, எல்லாரும் ரெண்டு கையும் மேல. அண்ணன் ஒண்ணு ரெண்டு மூணு சொல்றாரு, தமிழ்லயே சொல்றாரு. குனிஞ்சு காலைத் தொடு, நிமிரு. நடுவுல ஸ்டாக் தீந்துபோயி தோப்புக்கரணம் வரைக்கும் போயிட்டாரு. அந்த ஜனங்களும் விருந்தாளி மனசு கோணக்கூடாதுன்னு சிரிச்சிக்கினே போடுறாங்க. அப்பதான் அந்த ஹெல்த் சென்டர்ல கிளினிக்கல் ஆபீசர் வெளிய வந்தாரு. அங்க கிராமத்து சென்டர்ல டாக்டர் இல்லாத எடத்துல நோயாளிங்கள பாக்குறது அவர்தான், ஒரு நாளைக்கு நாங்க ஆறு பேரும் சேந்து பாக்கறதை விட அதிகமா பாப்பாரு. கொஞ்ச நேரம் பாத்துட்டு மெதுவா எங்கிட்ட வந்து, இது இன்னா சிகிச்சைன்னு கேட்டாரு. "இவங்கதான் சார் காலைலர்ந்து யோகா யோகான்னு கேட்டாங்க"ன்னேன்.

அந்த மனுசன் மரத்த புடிச்சிக்கினு உக்காந்துட்டாரு. சிரிப்பு அடங்கினதும் சொன்னாரு. அவங்க பாசை அடெசோல 'யோகா'ன்னா வணக்கம். 'நொய்'னா ரொம்ப. 'எயலாமா நொய்'னா ரொம்ப நன்றி.

வணக்கம் சொன்ன மனுசங்கள நிக்க வெச்சு தோப்புக்கரணம் போட வெச்சிருக்கோம். நன்றி சொன்னவங்க பேருக்கு நேரா நான் 'பலவீனம்'னு எழுதி வைட்டமின் வேற குடுத்திருக்கேன். அண்ணன்கிட்ட யார் போய் சொல்றதுன்னு சீட்டு குலுக்காத கொறைதான், கடைசில டாக்டரம்மா சொன்னாங்க. அண்ணன் அன்னைக்கு களி கூட சரியா சாப்பிடல. ஆனா மூணாம் நாள் அந்த முதுகு வலி பொம்பளைங்க பத்து பேர் திரும்பி வந்து, மாத்திரை வேணாம், அந்த கை தூக்கறது இன்னொரு வாட்டி செய்யலாமான்னு கேட்டாங்க. அப்போ அண்ணன் மொகத்த பாக்கணுமே. வீடியோ எடுக்கக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினாரு. நாங்க காட்பாடில இறங்கறதுக்கு முன்னாடியே அது சபை குரூப்ல ஓடிக்கினு இருந்துச்சு. அனுப்பினது நான் இல்ல.

மத்த நாள் எல்லாம் வேலைதான். மலேரியா, மலேரியா, மலேரியா. விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து பட்டைல விட்டா கால் மணி நேரத்துல தெரிஞ்சிடும், பெரியவங்களுக்கு வேளைக்கு நாலு மாத்திரை, ரெண்டு வேளை, மூணு நாளு, மொத்தம் 24. கொழுப்பு இருக்கற சாப்பாட்டோட போட்டாதான் ஒடம்புல ஏறும், அதனால மல்லாட்டை கொழம்போட சாப்பிடுங்கன்னு சொல்லுவேன், அந்த ஒரு வரி சொல்லும்போது மட்டும் நானே பெரிய டாக்டர் மாதிரி இருக்கும். படிக்கற கண்ணாடி குடுக்கற வேலையும் எனக்குத்தான். ஒரு பாட்டிக்கு அடெசோ பைபிள் குடுத்து படிக்கச் சொன்னா எந்த பவர் மாட்டினாலும் கடகடன்னு ஒரே வேகம். சந்தேகப்பட்டு வேற பக்கத்த திருப்பினேன், அப்பவும் அதே கடகடா. துபாசி தம்பி சொன்னான், பாட்டி சொல்றது 23-ஆம் சங்கீதம், மனப்பாடம். அதுக்கப்புறம் பைபிள ஓரமா வெச்சிட்டு ஒரு மொறம் எள்ளு குடுத்து கல்லு பொறுக்கச் சொன்னேன். பாட்டி ரெண்டரை பவர்ல நல்லா பொறுக்கிட்டு, கடைசில செவப்பு ஃப்ரேம் இருக்கற ஒண்ணே முக்கால தூக்கிக்கினு போயிடுச்சு.

வீட்டுக்கு போன் பண்ணி காலைல ரெண்டு ரோலக்ஸ் சாப்பிட்டேன்னு சொன்னதுக்கு என் சம்சாரம் அரை நிமிசம் பேசவே இல்ல. சப்பாத்திக்குள்ள முட்டைய சுருட்டினா அங்க அதுக்கு பேரு ரோலக்ஸ்.

கடைசி நாள்தான் அந்த வாத்தியாரப் பாத்தோம். பக்கத்து ஸ்கூல் ஹெட்மாஸ்டர், பிரசர் பாக்க வந்தாரு. இந்தியால எங்கன்னு கேட்டாரு. வெல்லூர், உங்களுக்கு தெரியாது, சென்னை பக்கம்னேன். "தெரியும். ரொம்ப வெயில்"னாரு. சொரொட்டி பக்கத்து கிராமத்துல மாமரத்தடில ஒருத்தர் எங்க ஊர் வெயில கொற சொல்றாரு! விசாரிச்சா, அவரோட அண்ணனுக்கு ஹார்ட் ஆபரேசன் பண்ண 2016 நவம்பர்ல கூட வந்து ஒரு லாட்ஜ்ல நாப்பது நாள் தங்கியிருக்காரு. ஜன்னல தொறந்தா செவுரு, அப்படி ஒரு ரூம். இட்லி புடிக்கல. ரோட்டோரத்துல ஒரு அம்மா கேவுரு கூழ் வித்தாங்களாம், அதைப் பாத்ததும் அழுகையே வந்துடுச்சாம், தினமும் ரெண்டு சொம்பு. ஆட்டோக்காரங்கள பத்தி அவர் சொன்னதை நான் எழுதல, நாளைக்கு நான் ஆட்டோல போகணும்.

"எனக்கு தமிழ் தெரியும்"னு பெருமையா சொன்னாரு. சொல்லுங்கன்னோம். நெஞ்சுல கை வெச்சு, தலைய லேசா குனிஞ்சு, ரொம்ப மரியாதையா சொன்னாரு:

"சில்லறை இல்ல."

அப்படின்னா இன்னா சார்னு கேட்டேன். கடைல, ஆட்டோல, ஓட்டல்ல, எங்க போனாலும் கிளம்பும்போது எல்லாரும் இதான் சொல்லி அனுப்பினாங்க, போயிட்டு வாங்கன்னு அர்த்தம்னாரு. ஐந்நூறு ஆயிரம் செல்லாதுன்னு அறிவிச்ச நவம்பர்ல வந்த மனுசன் வேற இன்னாத்த கேட்டிருக்க முடியும். டாக்டரம்மா முந்தானைய வாயில வெச்சிக்கினாங்க. கமிட்டி அண்ணன் மட்டும் சிரிக்காம அவர் கைய புடிச்சு, "கரெக்ட் சார், அதான் அர்த்தம்"னாரு. யோகா விசயத்துல பட்டவரு இல்லையா.

மறுநாள் காலைல வேன் கிளம்பும்போது வாத்தியாரு ஸ்கூல் பசங்களயே கூட்டிக்கினு வந்துட்டாரு. ராத்திரியே பாடம் நடத்தியிருக்காரு போல. அம்பது அறுபது புள்ளைங்க வரிசையா நின்னு, நெஞ்சுல கை வெச்சு, ஒரே கொரல்ல "சில்லறை இல்ல! சில்லறை இல்ல!"

கமிட்டி அண்ணன் ஜன்னல் வழியா பாதி ஒடம்பு வெளிய நீட்டி, ரெண்டு கையும் தூக்கி, புழுதி அடங்கற வரைக்கும் கத்திக்கினே வந்தாரு. "யோகா நோய்! யோகா நோய்!"