அரும்பும் போதும்

எங்கள் சங்கத்தின் சிறப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ‘மலர்’ என்றாலே எனக்கு டெல்லி ராமகிருஷ்ணபுரத்து ஒன்பதாம் வகுப்பும், தமிழ் ஐயாவின் மேசைமேல் இருந்த வாழையிலைப் பொட்டலமும்தான் கண்முன் வரும்.

ஏப்ரல் மாதம், முதல் பாடவேளை. மலைமந்திர் முருகன் கோயில் பக்கம் வாங்கிய உதிரி மல்லிகையில் ஆளுக்கொரு மொட்டைக் கையில் கொடுத்துவிட்டு, ஐயா கரும்பலகையில் எழுதினார்:

காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி
மாலை மலரும்இந் நோய்.

காமத்துப்பால்! காதலனைப் பிரிந்தவள் தன் காதல்நோயைச் சொல்லும், எங்கள் பாடத்தில் இல்லாத குறள். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. “நோயை விடுங்கள், வினைகளைப் பாருங்கள்” என்றார். இதழ் இறுகி இருப்பது அரும்பு. முதிர்ந்து, இதோ விரியப்போகிறேன் என்று நிற்பது போது; பரிமேலழகர் அதைப் பேரரும்பு என்பார். அதற்குப் பிறகுதான் மலர். போது என்றால் பொழுது என்றும் பொருள். காலை, பகல், மாலை என்று பொழுதுகளை அடுக்கிய குறளுக்கு நடுவே அந்தச் சொல் உட்கார்ந்திருப்பதைச் சுண்ணக்கட்டியால் தட்டித் தட்டிக் காட்டினார்.

மாலையில் மொட்டு என்ன ஆகிறது என்று பார்த்துவர வேண்டும். நான் பத்திரமாக இருக்கட்டும் என்று ஜியோமெட்ரி பெட்டிக்குள் வைத்து மூடினேன். வீட்டில் திறந்தபோது, காம்பஸ் முனையில் குத்துப்பட்டுப் பழுப்பேறிக் கிடந்தது.

அந்த வாரமே என் கட்டுரை நோட்டில் சிவப்பு மை. ‘தலைநகரில் போக்குவரத்து நெரிசல் நாளுக்கு நாள் அரும்பி வருகிறது’ என்று எழுதியிருந்தேன். புதிதாகக் கற்ற சொல்லை எங்காவது செலவழிக்க வேண்டாமா? “நெரிசல் அரும்பாது தம்பி, கூடும். கடன் ஏறும். சண்டை மூளும். சந்தேகம் முளைக்கும். அரும்புவது வியர்வை, புன்னகை, உன் மேலுதட்டில் இருக்கிறதே அது” என்றார். வகுப்பே என் மேலுதட்டைப் பார்த்தது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி விடவில்லை. “அப்படியானால் நோய் மட்டும் எப்படி ஐயா அரும்பும்?”

“அவளுக்கு அந்த நோய் பிடித்திருக்கிறது அம்மா.”

அன்று அந்தப் பதிலில் சொக்கிப்போனோம். இப்போது எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் தெரிகிறது. மாலையில் தனியே தவிப்பவளுக்கு அந்த நோய் எப்படிப் பிடிக்கும்? வியர்வை, மீசை, புன்னகை, கண்ணீர் எல்லாமே உள்ளிருந்து வெளியே வருபவை. கண்ணுக்குத் தெரியும்முன் உள்ளே வேலை நடந்து முடிந்திருக்கும். அவள் நோயும் அப்படித்தான். நெரிசலும் கடனும் வெளியிலிருந்து வந்து சேர்பவை. ஐயா இதை ஒப்புக்கொண்டிருப்பாரா, தெரியாது. வாதத்துக்குக் குறைவில்லாதவர்.

போன மாதம், இங்கே மெல்பர்னில், என் மகன் கண்ணாடி முன் வெகுநேரம் நின்றிருந்தான். பதினான்கு வயது. மேலுதட்டைத் தடவிக்கொண்டு, “இதைத் தமிழில் எப்படிச் சொல்வது அப்பா?” என்றான்.

“மீசை அரும்பியிருக்கிறது.”

“மழித்துவிடலாமா?”

“போதாகட்டும்” என்றேன். விழித்தான். ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து தொடங்கினேன்.